கருப்பையா வாங்கிய சிவப்பு வண்டி

எங்கள் தெருவில் அவரைக் குவைத்தார் என்றுதான் சொல்வோம். கருப்பையா என்கிற பெயர் ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருந்ததோடு சரி. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில் எங்கள் ஊர். இங்கே வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில், ஒரே முதலாளியிடம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவர் வீட்டை ஒட்டித்தான் எங்கள் தென்னந்தோப்பு. சாயங்காலம் நான் மோட்டார் போடப் போனால் அவரும் வந்து வரப்பில் உட்கார்ந்துகொள்வார். அப்படிக் கேட்டதுதான் இதில் பாதி. மீதி நான் கண்ணால் பார்த்தது.

காலையில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். பிறகு முதலாளியை ஆபீசில். பிறகு முதலாளியம்மாவைக் கடைக்கு, டாக்டர் வீட்டுக்கு, அக்கா வீட்டுக்கு. மதியம் மறுபடி பிள்ளைகள். படுக்கை கேட்டை ஒட்டிய சின்ன அறையில். வண்டிகள் எல்லாம் ஏறுவதற்கே படி வைத்த பெரிய வண்டிகள். முதலாளியம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் வண்டி நின்றதும் கருப்பையா இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அம்மா ஏறி, கருப்பு அங்கியின் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் கதவைச் சாத்துவார்.

அவர் விமானம் ஏறும்போது மகள் அர்ச்சனா தவழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வந்த புதிதில் அந்தப் பிள்ளை அவரைப் பார்த்து அழும். பழகி மடியில் உட்காரும்போது திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். வீட்டை எழுப்பியது, கிணற்றைத் தூர் வாரியது, மகளை இன்ஜினியரிங் சேர்த்தது எல்லாம் மனைவி ஆவுடையாள்தான். துணைக்கு அவளுடைய தம்பி ஆத்மநாதன். அறந்தாங்கியில் உரக்கடை வைத்திருப்பவர். பணம் அனுப்பியது கருப்பையா, நின்று பார்த்தது இவர்கள்.

முதலாளி இறந்துபோனார். மகன்கள் இளவயசு டிரைவர் போதும் என்று முடிவு செய்தார்கள். ஒரு கம்பளியும் கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வந்து இறங்கிய முதல் வாரமே கருப்பையா வீட்டில் சொன்னது ஒரே விஷயம். சொந்தமாக ஒரு கார் வாங்க வேண்டும்.

"புதுசா வாங்குறதுன்னா வாங்குங்க" என்றாள் ஆவுடையாள். "பழசுன்னா வேணாம். இருக்க மரியாதையும் போயிரும்."

புதிது வாங்கினால் அர்ச்சனாவின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் கை வைக்க வேண்டும். அதற்கு அவருக்கு மனசில்லை. சின்ன வண்டி, நல்ல கை பழகிய பழைய வண்டி போதும் என்றார். புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் என்று ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வண்டி விற்கிறார் என்று தெரிந்து கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் நின்றது வண்டி. சிவப்பு, வெயிலில் கொஞ்சம் வெளுத்த சிவப்பு. பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஹேட்ச்பேக். கருப்பையா பானெட்டைத் திறந்து பார்த்தார், குனிந்து கதவுகளுக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தார், ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தார். டிரைவர் சீட்டும் பக்கத்து சீட்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. பின்சீட்டு மட்டும் புதுசு போல இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்துல உக்காந்துக்குவேன்" என்றார் டீச்சர். "புள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல. பின்னாடி உக்கார யாரு இருக்கா? அவர் போனதுலேருந்து வண்டி இப்படியே நிக்குது."

கருப்பையா அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

திரும்பி வரும்போது நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். குவைத்தில் ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் கியர் போட அவருடைய வலது கை வெறுமனே கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தது. அதற்கு அவரே சிரித்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, ஒங்கக்கா இந்த சீட்டுல உக்காந்து, நான் ஓட்டி, மணமேல்குடி கடக்கரைக்கு ஒருவாட்டி போகணும். இத நெனச்சுகிட்டுதான் அங்க அந்த ரூம்புல படுத்துக்கெடப்பேன்" என்றார்.

மறுநாள் ஆவுடையார்கோவிலுக்கு வண்டியை எடுத்தார். பூஜை போட வேண்டும். நான் தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஆவுடையாள் பட்டுச் சேலை கட்டி, தேங்காய் பழப் பையோடு வந்தாள். பின்னால் அர்ச்சனா, காதில் போன் ஒயரோடு. கருப்பையா வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினார். இறங்கினார். சுற்றி வந்தார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையாள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். சேலை முந்தானையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தினார். அர்ச்சனா அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ரோட்டுக்கு ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் முன்சீட்டு காலியாக இருப்பது அவருக்கு உறைத்திருக்கிறது. அப்போது நிறுத்தி, முன்னால் வா என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் இருக்கிறாள். இத்தனை வயசுக்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். அடுத்த முறை சொன்னார்.

"முன்னாடி வந்து உக்காரேன், ஆவுடை."

"இங்கிட்டே சௌரியமா இருக்குங்க. முன்னாடி உக்காந்தா எதுக்க வார லாரி மேல விழற மாதிரி இருக்கு."

அவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

ஆனாலும் வண்டி அவருக்குச் சந்தோஷம்தான் கொடுத்தது. விடிந்ததும் துணியோடு நிற்பார். டயரில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் நோண்டி எடுப்பார். ஏசி கொஞ்சம் முக்கும், இடது பக்க ஜன்னல் பாதியில் சிக்கும். இரண்டையும் அவரே கழற்றிச் சரி செய்தார். பழைய வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருந்தார்.

உறவுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது, குவைத்தார் வீட்டில் வண்டி இருக்கிறது, ஓட்ட ஆளும் சும்மா இருக்கிறது என்று. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு கரைக்கு வந்த அன்று மீன் வாங்கப் போக வேண்டும். திருச்சி ஏர்போர்ட்டில் யாரையோ அழைத்து வர வேண்டும். யாருக்கோ ஸ்கேன், யாருக்கோ பெண் பார்ப்பது. ஆத்மநாதன்தான் பெரும்பாலும் போன் செய்வார்.

"மச்சான், வண்டிய எடுத்துட்டு வாங்க."

வண்டி வந்ததும் அவர் பின்னால்தான் ஏறுவார். "ஏசியக் கொஞ்சம் கூட வைங்க மச்சான்" என்பார். பிறகு போனில் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை போனில் யாரோ எங்கே இருக்கிறாய் என்று கேட்க, "வண்டில வந்துகிட்டிருக்கேன், டிரைவர் ஓட்டுறாப்ல" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாரா என்று கண்ணாடியில் பார்த்தாராம் கருப்பையா. கடிக்கவில்லை.

அர்ச்சனா மட்டும் ஒரு நாள் முன்னால் உட்கார்ந்தாள். திருச்சியில் ஒரு கம்பெனி இண்டர்வியூ. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று முன்னால் ஏறிக்கொண்டாள். அன்று ஆவுடையாள் வரவில்லை. அப்பாவும் மகளும் மட்டும். புதுக்கோட்டை தாண்டும்வரை அவள் காதில் போன் ஒயர். அதற்கப்புறம் அவளாகவே கேட்டாள்.

"குவைத்துல அந்த வீட்டுப் புள்ளைங்கள தினமும் ஸ்கூலுக்கு நீங்கதான் விடுவீங்களாப்பா?"

"ஆமாம்மா. சின்னவன் எறங்கவே மாட்டான். பை, தண்ணி பாட்டில் எல்லாம் எடுத்துட்டு நானும் கேட்டு வரைக்கும் கூடப் போகணும். டாட்டா காட்டிட்டுத்தான் உள்ள போவான்."

சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னய ஒரு நாள்கூட விட்டதில்லயேப்பா."

"அதான் இப்பக் கூட்டிட்டுப் போறேன்ல."

"இப்ப எனக்கு ஸ்கூல் இல்லயே" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள் என்று கருப்பையா என்னிடம் சொன்னார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த தை மாதம் அர்ச்சனாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பிரசாந்த் என்று பெயர், திருச்சியில் பேங்க் வேலை. புதுக்கோட்டைக் குடும்பம், வசதியானவர்கள். அவர்கள் வீடு பார்க்க வருகிற அன்று காலையில் ஆத்மநாதன் வந்து முற்றத்தில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு, வாழைமரம், நாற்காலிகள். கடைசியில் பார்வை சிவப்பு வண்டியில் நின்றது.

"மச்சான், இத அங்கிட்டுத் தோப்புக்குள்ள விட்டுருங்களேன். வாரவுக ஒரு மாதிரி நெனைப்பாக. வெளிநாட்டுல இருந்துட்டு வந்து இதத்தான் வாங்கினாராம்பாக."

கருப்பையா ஆவுடையாளைப் பார்த்தார். அவள் கோலத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் தோப்பில் மட்டை குவித்திருந்த இடத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். இரண்டு காய்ந்த மட்டையை எடுத்து அதன் மேல் சாய்த்தும் வைத்தார். "இப்பத் தெரியுதா தம்பி?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

நிச்சயதார்த்தம் புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில். உறவுக்காரர்களுக்கு வேன் பிடித்திருந்தார்கள். வேனில் நானும் போனேன். ஒளித்து வைத்த சிவப்பு வண்டிக்கு அன்று வேலை இருந்தது. மாலைகளைப் பூக்கடையில் எடுக்க வேண்டும், வயசான அத்தை ஒருத்தியை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றி வர வேண்டும். "யாராவது போங்களேன்" என்று ஆத்மநாதன் சொல்ல, எல்லோரும் கருப்பையாவையே பார்த்தார்கள். அவருடைய வண்டி, அவருக்குத்தான் ஓட்டத் தெரியும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

போன இடத்தில் ஏதோ ஊர்வலம் என்று ரோட்டை மறித்துவிட்டார்கள். அத்தையையும் மாலையையும் ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றினார். போன் மேல் போன். இங்கே மண்டபத்தில் ராகுகாலம் வரப்போகிறது என்று மாப்பிள்ளையின் அப்பா பறந்தார். நல்ல நேரத்துக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். "தாய்மாமன் இருக்காரே, அவரு மாத்தட்டும். பொண்ணோட அப்பா வந்து சேந்துக்கிடட்டும்" என்றார் யாரோ பெரியவர். ஆத்மநாதன் ஆவுடையாளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். தட்டு மாற்றியாகிவிட்டது. கூட்டம் கைதட்டியது. மகள் நிமிர்ந்து வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்ததை நான் கவனித்தேன்.

கருப்பையா வந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வேட்டி ஓரத்தில் கிரீஸ். வழி கேட்க இறக்கிய ஜன்னல் மறுபடி சிக்கிக்கொண்டதாம், இறங்கி இழுத்திருக்கிறார். அத்தையை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, இரண்டு கையிலும் மாலைப் பையோடு வாசலில் ஏறினார். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், சின்னப் பையன்தான், வரவேற்பில் நின்றவன் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான்.

"வாங்கண்ணே, வெயில்ல அலஞ்சுட்டீங்க. டிரைவருங்களுக்கெல்லாம் பின்னாடி தனியா எலை போட்டிருக்கோம். மொதல்ல போய்ச் சாப்பிடுங்க." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவர் கையில் வைத்தான். டிரைவர் படி. மரியாதையாகத்தான் வைத்தான், இரண்டு கையாலும்.

மாலையை வாங்கிப் போக வந்த ஆவுடையாள் நாலடி தள்ளி நின்றாள். அவளுக்குக் காதில் விழுந்தது, இன்னும் தள்ளி நின்ற எனக்கே விழுந்தது. கருப்பையா அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பையனிடமிருந்து மாலைப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பெண்ணின் அப்பா அவர் என்று ஒரு வார்த்தை. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம், எனக்கென்ன என்று நின்றுவிட்டேன்.

அவர் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய்ப் பார்த்தேன். வேன் டிரைவர், மாப்பிள்ளை வீட்டு டிரைவர், சமையல்காரர் வண்டி ஓட்டி வந்தவன் என்று ஒரு வரிசை. நடுவில் கருப்பையா. டீசல் வண்டியா பெட்ரோல் வண்டியா என்று பேச்சு. அவர் குவைத்தில் மணல் காற்றில் வண்டி ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஊருக்கு வந்து இத்தனை நாளில் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே பிடிக்கவில்லை.

திரும்பும்போது வேனில் இடம் போதவில்லை. ஆவுடையாள் மட்டும் சிவப்பு வண்டியில் வந்தாள். பின்சீட்டில். அறந்தாங்கி ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு அவர் கேட்டிருக்கிறார்.

"அந்தப் பையன்ட்ட ஏன் சொல்லல?"

"எத?"

"நான் யாருன்னு."

"சொல்லிருந்தா அந்தப் புள்ளைக்கும் அசிங்கம், நமக்கும் அசிங்கம். நல்ல காரியத்துல ஒரு நேரத்துச் சோறுதானே. எங்க தின்னா என்ன?"

அவர் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னாராம்: "தட்டயும் மாத்திட்டீக."

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "ஆமா, மாத்துனோம். என் தம்பிதான் மாத்துனான். அர்ச்சனாவ ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா கையெழுத்து கேட்டாக, அவன்தான் போட்டான். இவ காலொடிஞ்சு கெடந்தப்ப நான் டவுன் பஸ்ல தூக்கிட்டு நின்னுகிட்டே போனேன். ஒரு நாய் எந்திரிச்சு எடம் குடுக்கல. இப்ப வந்து முன்னாடி உக்காரு, பின்னாடி உக்காருங்கிறீக."

"நான் உங்களுக்காகத்தானே அங்க கெடந்தேன்."

"நான் இல்லன்னேனா? நீங்க அங்க கெடந்தீக, நான் இங்க கெடந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மொத நாள் கதவத் தொறந்துகிட்டு நின்னது யாரு? நான் எங்கிட்டு உக்காரணும்னு நீங்கதானே காமிச்சீக. பட்டுச் சேல கட்டிட்டு எம்புட்டு ஆசையா வந்தேன் தெரியுமா? வேலக்காரரு மாதிரி நிக்கிறீக. எனக்கு அங்கனயே செத்துப்போச்சு."

இதை என்னிடம் சொல்லும்போது கருப்பையா வரப்பில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அது எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. கை தானாப் போயிருச்சு" என்றார்.

மணமேல்குடிக் கடற்கரைக்கு அவர்கள் போகவே இல்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாரை வார்க்கும்போது கருப்பையா சரியான நேரத்துக்கு இருந்தார். அன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தார். அர்ச்சனா திருச்சிக்குப் போனாள். மாப்பிள்ளை புது வண்டி வாங்கினான். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் அதில்தான் வந்தாள்.

அதற்கப்புறம் ஆத்மநாதன் போன் செய்தால் கருப்பையா எடுப்பதில்லை. வண்டி வீட்டோரக் கொட்டகையிலேயே நின்றது. பேட்டரி இறங்கியது. எலி ஒயரைக் கடித்தது. அவர் துணியைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி கேட்டு வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்சீட்டக் கழட்டிட்டு ஐஸ் பெட்டி வைக்கலாமாண்ணே?" என்றான்.

"தாராளமாக் கழட்டுங்க" என்றார் கருப்பையா.

ஆவுடையாள் உள்ளே இருந்து வந்து பார்த்தாள். வண்டி தெரு முனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு அவள் சோறு வடிக்கப் போனாள்.

இப்போது அவர் அறந்தாங்கியில் ஆக்டிங் டிரைவர். கார் இருந்தும் ஓட்ட ஆள் இல்லாத வீடுகளில் கூப்பிடுவார்கள். பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்களின் வீடுகள். பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் ஏறிக்கொள்வார்கள், இவர் ஓட்டுவார். கதவைத் திறந்து விடுவதில்லை. ஏறும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் முசுடு என்று பெயர்.

அடிக்கடி கூப்பிடுவது ஷெரின் என்கிற பெண். வண்டி அவளுடைய அப்பாவுடையது, அவருக்குக் கண் தெரியவில்லை. புருஷன் ஜஸ்டின் கத்தாரில். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவன் வீடியோ காலில் வந்தான். ஷெரின் போனை முன்பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? இன்னும் ரெண்டு வருசத்துல வந்துருவேண்ணே. வந்ததும் சொந்தமா ஒண்ணு வாங்கணும். பழசுன்னாலும் பரவால்ல, சின்ன வண்டியா, நல்லதா ஒண்ணு கண்ணுல பட்டாச் சொல்லுங்க. இப்பவேகூட வாங்கிப் போட்டுரலாம்."

"சரிங்க தம்பி" என்றார் கருப்பையா.

போன வாரம் மணமேல்குடியில் ஒரு வீட்டில் அப்படி ஒரு வண்டி விற்பதாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தும் வந்தார். துரு இல்லை, எஞ்சின் சத்தம் சுத்தம். அந்தப் பையனிடம் சொல்லவேண்டியதுதானே என்றேன்.

"இங்க வந்து நேர்ல கேக்கட்டும், சொல்றேன்" என்றார். "போன்ல கேட்டாச் சொல்ல மாட்டேன். ஆள் வராம வண்டி மட்டும் வந்து என்ன பண்ண?"

அந்த வண்டி அடுத்த சில நாளில் வேறு யாருக்கோ போய்விட்டது.